பின்சக்கர இயக்கக் காருக்கு எல்எஸ்டி: காலை எடுக்கும் நொடியை வைத்துத் தேர்ந்தெடுத்த அனுபவம்

எஞ்சின் சக்தியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தருவது டிஃபரென்ஷியல்; ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகைதான் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல், சுருக்கமாக எல்எஸ்டி. அதை வாங்க நினைக்கும் பெரும்பாலோர் வளைவை விட்டு வெளியே வரும்போது எவ்வளவு முன்கூட்டியே ஆக்சிலரேட்டரை மிதிக்கலாம் என்ற ஒரே கேள்வியோடு வருகிறார்கள். நானும் அந்தக் கேள்வியோடுதான் தேடத் தொடங்கினேன். ஆனால் ஒரே மாதிரிக் கார்களில் வெவ்வேறு வகை எல்எஸ்டிகளை ஓட்டிப் பார்த்து, கடைசியில் என் காருக்கென்று ஒன்றைப் பொருத்தி, அதைக் கழற்றித் திருத்தி மறுபடியும் ஓட்டிய பிறகு, தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது மிதிக்கும் நொடியைக் காட்டிலும் காலை எடுக்கும் நொடிதான் என்ற முடிவுக்கு வந்தேன். வேலை செய்யும் நிலையில் இருக்கும் எந்த எல்எஸ்டியும் வளைவிலிருந்து வெளியேறும்போது ஏதோ ஒரு அளவுக்கு உதவத்தான் செய்யும். வளைவுக்குள் நுழையும்போதும், மழையிலும், வண்டியைத் திருப்பி நிறுத்தும் இடத்திலும்தான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு ஓட்டுபவருக்கு அன்றாடம் தெரியவரும்.

என் கார் இரண்டு லிட்டர் டர்போ எஞ்சினை முன்னால் வைத்துப் பின்சக்கரங்களை ஓட்டுகிற, இரண்டு கதவுக் கூபே. வேலைக்குப் போய்வருவதும் அதில்தான், அவ்வப்போது பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோவதும் அதைத்தான். தொழிற்சாலையிலேயே அதில் விஸ்கஸ் வகை எல்எஸ்டி பொருத்தியிருந்தார்கள். வயதாகி அதன் பிடி போய்விட்டதால், அது சாதாரண டிஃபரென்ஷியலைப் போலவே நடந்துகொண்டது. சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் முறுக்குவிசையை எப்போதும் சமமாகப் பிரிக்கிறது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் அந்தச் சமத்துவமே சிக்கலின் வேர். வளைவில் எடை வெளிப்பக்கம் சாய, உள்பக்கப் பின்சக்கரம் 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்காமல் சுழலத் தொடங்கினால், எடை முழுவதும் ஏறி நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கும் வெளிப்பக்கச் சக்கரத்துக்கும் அதே 200தான் போய்ச் சேரும். எஞ்சின் சத்தம் ஏறும். வண்டியின் வேகம் அந்த அளவுக்கு ஏறாது.

பணத்தை எடுத்துவைப்பதற்கு முன்னால், சுழல்வது ஒரு சக்கரமா இரண்டுமா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். காய்ந்த தார்த்தரையில் வளைவின் முடிவில் ஒரே ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தால் உள்சக்கரம் மட்டும் சுழல்கிறது. இரண்டு கோடுகள் விழுந்திருந்தால் பிரச்சினை டயரின் பிடியில் இருக்கிறது, எல்எஸ்டி அங்கே எதையும் மாற்றாது. என் காரில் விழுந்தது ஒரு கோடு. ஆனாலும் உடனே வாங்கப் போகாமல், காரை எனக்கு விற்றவர் பின்பக்கத்தில் மாட்டியிருந்த தடித்த ஆன்டி ரோல் பாரை, அதாவது வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை, கழற்றி, கம்பெனி கொடுத்த மெல்லிய பாரையே திரும்ப மாட்டினேன். பின்பக்க ஆன்டி ரோல் பார் கடினமாக இருந்தால், வளைவில் அது உள்சக்கரத்தைத் தரையிலிருந்து மேலே இழுக்கும். எடை குறைந்த சக்கரம் சீக்கிரமே சுழலும். பாரை மாற்றியதுமே மூன்றாம் கியர் வளைவுகளில் சுழற்சி நின்றுவிட்டது, இரண்டாம் கியர் வளைவுகளில் மட்டும் மிச்சம் இருந்தது. எல்எஸ்டி தேவையா என்ற கேள்விக்கு அந்த மிச்சம்தான் சரியான விடை. சஸ்பென்ஷனை ஒழுங்குபடுத்திய பிறகும் எஞ்சியிருக்கும் சுழற்சிக்குத்தான் எல்எஸ்டியை அளவெடுக்க வேண்டும். அதற்கு முன்னால் அளவெடுத்தால், தேவைக்கு மேல் இறுக்கமான ஒன்றை வாங்க நேரிடும்.

வகைகளுக்குள் போவதற்கு முன்னால் ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்ற எல்லாமே எளிதாக விளங்கும். எல்எஸ்டி எந்த வகையானாலும், வேகமாகச் சுழலும் சக்கரத்திலிருந்து முறுக்குவிசையை எடுத்து, மெதுவாகச் சுழலும் சக்கரத்துக்குத் தருகிறது. வளைவுக்குள் நுழையும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டியிருப்பதால் அதுதான் வேகமாகச் சுழலும். அந்த நேரத்தில் பூட்டு விழுந்தால், அதாவது எல்எஸ்டி இரு சக்கரங்களையும் சேர்த்துப் பிடித்தால், வெளிச்சக்கரம் பின்னுக்கு இழுபடும், உள்சக்கரம் முன்னுக்குத் தள்ளப்படும். இரண்டும் சேர்ந்து வண்டியை நேராக வைத்திருக்கப் பார்க்கும். கடுமையாக பிரேக் பிடித்துக்கொண்டு திரும்பும்போது அது வாலை அடக்கிவைக்கிறது. மெதுவான வளைவிலோ மூக்கைத் திருப்ப விடாமல் அண்டர்ஸ்டியரை, அதாவது ஸ்டியரிங் திருப்பிய அளவுக்கு வண்டி திரும்பாமல் வெளியே தள்ளுவதை, வளர்க்கிறது. பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்து, உள்சக்கரம் சுழலத் தொடங்கி, அதன் வேகம் வெளிச்சக்கரத்தின் வேகத்தைத் தாண்டும் கணத்தில் திசை மாறுகிறது: இப்போது முறுக்குவிசை வெளிச்சக்கரத்துக்குப் போய், வண்டியை வளைவுக்குள் திருப்புகிறது. முதலில் மூக்கு தள்ளி, பிறகு திடீரென்று வால் வீசுகிறது என்று எல்எஸ்டி பொருத்திய பலர் குறைசொல்வது இந்த மாற்றத்தைத்தான். எந்த வகையை வாங்குவது என்பது, அந்த மாற்றம் எவ்வளவு மென்மையாக நடக்க வேண்டும், அதற்கு முந்தைய பாதியில் எவ்வளவு பூட்டைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற இரண்டையும் பொறுத்தது.

விஸ்கஸ் வகையை விரைவாகக் கடந்துவிடலாம். சிலிக்கோன் திரவத்தில் மூழ்கிய தட்டுகள் இரு சக்கரங்களுக்கும் இடையிலான வேக வேறுபாட்டை வைத்துத்தான் வேலை செய்யும் என்பதால், சக்கரம் சுழலத் தொடங்கிய பிறகே அது விழித்துக்கொள்ளும். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் 1.6 லிட்டர் எஞ்சின் மாதிரியிலும், நிஸான் 350இசட் காரிலும் இந்த வகை வந்தது. நடத்தை மென்மையானது, அன்றாட ஓட்டத்துக்குத் தொல்லை இல்லாதது. ஆனால் காலப்போக்கில் திரவத்தின் தன்மை கெட்டுப் பிடி தளரும், பெரும்பாலானவற்றைப் பிரித்துப் புதுப்பிக்கவும் முடியாது. பழைய காரில் இது இருந்தால், இருக்கிறது என்ற எண்ணத்தில் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

ஹெலிகல் வகையைத்தான் நான் முதலில் வாங்குவதாக இருந்தேன். இதில் உராய்வுத் தட்டுகள் இல்லை; சாய்ந்த பற்களுள்ள கியர்கள் சுமை ஏறும்போது தங்கள் உறைச் சுவரிலும் ஒன்றன்மேல் ஒன்றும் அழுந்தி, அந்த உராய்வாலேயே பூட்டை உண்டாக்குகின்றன. இவ்வகைக் கியர் வழி டிஃபரென்ஷியல்களில் பெயர்பெற்ற டார்சனுக்கு அடிப்படையான காப்புரிமையை வெர்னன் கிளீஸ்மன் 1958இல் பெற்றார். எம்எக்ஸ்-5 காரில் 1994ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து விஸ்கஸின் இடத்துக்கு வந்ததும், 2012இல் வெளிவந்த டொயோட்டா 86 காரில் பின்னால் இருப்பதும் டார்சன்தான். தேய்வது மிகக் குறைவு, சத்தம் இல்லை, சாதாரண கியர் ஆயிலே போதும். முறுக்குவிசை ஏறும்போது பூட்டும் கூடவே ஏறுவதால், எந்த நொடியில் அது வேலைக்கு வந்தது என்பதே ஓட்டுபவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒருவர் என் காரைப் போன்றதிலேயே இதைப் பொருத்தியிருந்தார். அதை ஓட்டியபோது, ஆக்சிலரேட்டரை மெல்ல மிதிக்க மிதிக்க வண்டி கயிறு கட்டி இழுத்ததுபோல வளைவின் வெளி விளிம்பை நோக்கிச் சீராகப் போனது. காலை எடுத்ததும், அங்கே எல்எஸ்டி என்ற ஒன்றே இல்லாததுபோல மூக்கு லேசாகத் திரும்பியது.

அந்தக் கடைசி இயல்புக்குக் காரணம் இருக்கிறது. ஹெலிகல் வகையின் பூட்டு, அதன் வழியே போகும் முறுக்குவிசையின் மடங்கு. எஞ்சின் பிரேக்கிங்கில் முறுக்குவிசை குறைவு என்பதால் பூட்டும் குறைவு, கிளட்சை மிதித்துவிட்டால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இதே கணக்குதான் அதன் பலவீனமும். டார்க் பயஸ் விகிதம் 3 என்று சொன்னால், பிடி குறைந்த சக்கரம் தாங்குவதைப் போல மூன்று மடங்கு வரை மற்றச் சக்கரத்துக்குப் போகும் என்று பொருள். உள்சக்கரம் தரையை விட்டு முழுவதும் எழுந்துவிட்டால் அது தாங்குவது கிட்டத்தட்டப் பூஜ்யம். பூஜ்யத்தின் மூன்று மடங்கும் பூஜ்யமே. இதற்கு ஒரு கைவேலை உண்டு. இரு பின்சக்கரங்களிலும் 100 நியூட்டன் மீட்டர் தடை விழும் அளவுக்கு ஹேண்ட்பிரேக்கை லேசாக இழுத்தால், எழுந்த சக்கரம் அந்த 100ஐத் தாங்கும், தரையிலுள்ள சக்கரத்துக்கு 300 வரை போகும், அதன் பிரேக்கைக் கழித்தாலும் 200 மிஞ்சும். சாதாரண டிஃபரென்ஷியலில் இதையே செய்தால் 100ஐ 100 கழித்துவிட, மிச்சம் எதுவும் இல்லை. நவீன கார்களில் சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கும் மின்னணுக் கட்டுப்பாடு இந்த வேலையைத் தானாகவே செய்துவிடுவதால், அவற்றோடு ஹெலிகல் வகை நன்றாக ஒத்துப்போகிறது. என் காரில் அந்த வசதி இல்லை. நான் ஓடும் தடத்தில் வளைவுகளின் உள்விளிம்பில் உயரமான கெர்ப், அதாவது விளிம்புத் திட்டு, உண்டு; அதில் ஏறினால் என் காரின் உள்சக்கரம், மெல்லிய ஆன்டி ரோல் பாரோடுகூட, ஒரு கணம் காற்றில் நிற்கிறது. அதனால்தான் தட்டு வகையை நோக்கித் திரும்பினேன். சாலையில் மட்டுமே ஓட்டுகிறவராக நான் இருந்திருந்தால் ஹெலிகலோடு நின்றிருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பந்தயக் கார்களில் எல்எஸ்டி மிகப் பழையது. 1930களில் ஆட்டோ யூனியன் கிராண்ட் பிரி கார்களின் பின்சக்கரம் அடங்காமல் சுழன்றதால், ஃபெர்டினாண்ட் போர்ஷே இசட்எஃப் நிறுவனத்திடம் சொல்லி எல்எஸ்டி செய்வித்தார். கிளட்ச் தட்டு வகையின் உள்ளே நடப்பதை ஒருமுறை பிரித்துப் பார்த்தவர் மறக்க மாட்டார். சிறிய கியர்களைத் தாங்கும் குறுக்குத் தண்டின் முனை, இரண்டு அழுத்த வளையங்களுக்கு நடுவே வெட்டப்பட்ட ஆங்கில வி வடிவப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். முறுக்குவிசை வந்ததும் தண்டு அந்தச் சரிவில் ஏறி வளையங்களை இரு பக்கமும் பிளந்து தள்ளும். வளையங்கள் தட்டுகளை நெருக்கும். நெருங்கிய தட்டுகள் இரு ஆக்சில்களையும் உறையோடு சேர்த்துப் பிடிக்கும். அந்தச் சரிவின் கோணம்தான் ராம்ப் கோணம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது தண்டு ஏறும் சரிவு ஒன்று, காலை எடுக்கும்போது ஏறும் சரிவு வேறு. காலை எடுக்கும் பக்கத்தில் சரிவே இல்லாமல் 90 டிகிரியில் செங்குத்தாக இருந்தால் அது ஒன்-வே. இரு பக்கமும் ஒரே சரிவானால் டூ-வே. காலை எடுக்கும் பக்கம் மென்மையாக இருந்தால் 1.5-வே.

கோணத்தின் எண் சிறிதாக இருந்தால் பூட்டு அதிகம் என்பது பலருக்குத் தெரியும்; எவ்வளவு அதிகம் என்பதை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. சரிவில் உள்ள உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், பிளக்கும் விசை கோணத்தின் டேன்ஜென்ட்டுக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். 45 டிகிரியில் அதை 100 என்று வைத்துக்கொண்டால், 60 டிகிரியில் சுமார் 58, 80 டிகிரியில் சுமார் 18. அதாவது 45க்கும் 60க்கும் இடையில் உள்ள வேறுபாடு விலைப்பட்டியலில் சின்ன எண் மாற்றமாகத் தோன்றினாலும், பூட்டில் அது ஏறக்குறையப் பாதி. இதற்கு மேல் இரண்டு திருகல்கள் உண்டு. ஒன்று, தட்டுகளை அடுக்கும் முறை: உறையோடு பிணைந்த தட்டும் ஆக்சிலோடு பிணைந்த தட்டும் மாறி மாறி வரும்போது உராயும் பரப்புகள் அதிகம், ஒரே இனத் தட்டுகளை அடுத்தடுத்து வைத்தால் அந்தப் பரப்பு வேலைக்கு வராது, பூட்டு குறையும். மற்றொன்று பிரீலோட்: ஸ்பிரிங் கொண்டு தட்டுகளை எப்போதும் கொஞ்சம் நெருக்கி வைத்திருப்பது. எஞ்சினிலிருந்து முறுக்குவிசை எதுவும் வராத நொடியிலும் வேலை செய்வது பிரீலோட் மட்டுமே. பிரேக்கிலிருந்து ஆக்சிலரேட்டருக்குக் கால் மாறும் இடைவெளியில், கிளட்சை மிதித்துக் கியரை இறக்கும் இடைவெளியில், காற்றில் எழுந்த சக்கரம் தறிகெட்டுச் சுழலாமல் இருப்பது அதனால்தான்.

விற்பனையில் அடிபடும் சதவீதங்களையும் விகிதங்களையும் ஒப்பிடும்போது நிதானம் வேண்டும். பூட்டுச் சதவீதம் என்பது இரு சக்கரங்களின் முறுக்குவிசை வேறுபாட்டை மொத்தத்தால் வகுத்தது. 25 சதவீதம் என்றால் 62.5க்கு 37.5, விகிதத்தில் சுமார் 1.67, 40 சதவீதம் என்றால் 70க்கு 30, விகிதம் சுமார் 2.33, ஹெலிகல்காரர்கள் சொல்லும் விகிதம் 3ஐச் சதவீதமாக்கினால் 50. இந்தக் கணக்கு தெரியாமல் 25 என்பதைக் கால்பங்கு வேலை என்று நினைத்து ஒதுக்குகிறவர்கள் உண்டு. இ30 வரிசை பிஎம்டபிள்யூ கார்களில் வந்த 25 சதவீதத் தட்டு எல்எஸ்டி சாலைக்கு இன்றும் போதுமானதாகவே இருக்கிறது. இன்னொரு உதாரணம் என் எண்ணத்தையே மாற்றியது. 997 வரிசை போர்ஷே 911 ஜிடி3 காரில் மிதிக்கும்போது 28 சதவீதம், காலை எடுக்கும்போது 40 சதவீதம் என்று, தலைகீழாகத் தோன்றும்படி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் பின்னால் இருப்பதால் அந்தக் காருக்கு வெளியேறும் பிடி ஏற்கெனவே இருக்கிறது. அதற்குத் தேவைப்பட்டது, பிரேக் பிடித்துக்கொண்டு வளைவில் நுழையும்போது கனமான வாலை அடக்குவது. முன்னால் எஞ்சின் உள்ள என் காருக்கு அந்தத் தேவை இல்லை, அதன் மூக்கு கொஞ்சம் தாராளமாகத் திரும்பினால்தான் நல்லது. ஆகவே மிதிக்கும் பக்கம் 45, எடுக்கும் பக்கம் 80 டிகிரி கொண்ட 1.5-வே என்று முடிவுசெய்தேன்.

நண்பர் ஒருவர் டிரிஃப்ட் ஓட்டுவதற்காகத் தன் காரில் டூ-வே போட்டிருந்தார், அதையும் ஓட்டிப் பார்த்தேன். வாலை வீசிவிட்டுக் காலை எடுத்தாலும் இரு சக்கரங்களும் சேர்ந்தே இழுபட வேண்டும் என்பது டிரிஃப்டுக்குத் தேவையான குணம், அதில் அது சிறப்பாகவே இருந்தது. அதையே தடத்தின் மிக மெதுவான வளைவில் வேகமாக ஓட்ட முயன்றபோது, ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகும் வண்டி ஒரு கார் நீளத்துக்கு நேராகவே போய், பிறகு மனமில்லாமல் திரும்பியது. வேகமான வளைவில் அதே குணம் நம்பிக்கை தந்தது என்பதையும் சொல்ல வேண்டும்: கடுமையாக பிரேக் பிடித்து நுழையும்போது வால் அசையவே இல்லை.

என்னுடைய எல்எஸ்டி பெட்டியிலிருந்து வந்தபோது அதிக பிரீலோடோடு, எல்லாப் பரப்புகளும் வேலை செய்யும் அடுக்கில் வந்தது. பந்தயத்துக்கென்று செய்கிறவர்கள் அப்படித்தான் அனுப்புகிறார்கள். அப்படியே பொருத்தி ஓட்டியதில் இரண்டாம் கியர் வளைவுகளின் வெளியேற்றம் நான் கேட்டதைவிட நன்றாக இருந்தது; ஆனால் வளைவின் நடுவே, எந்தப் பெடலிலும் கால் இல்லாத இடத்தில் மூக்கு பிடிவாதமாக வெளியே தள்ளியது. எடுக்கும் பக்கக் கோணம் 80 என்பதால் குற்றவாளி ராம்ப் அல்ல, பிரீலோட்தான் என்பது தெளிவு. கழற்றி, மெல்லிய ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் தகடு) வைத்துப் பிரீலோடைக் குறைத்து, இரு பக்கமும் ஒரு ஜோடித் தட்டுகளை ஒரே இனமாக அடுத்தடுத்து வைத்து மூடினோம். அடுத்து ஓட்டியபோது நடுவளைவில் மூக்கு விடுபட்டது. வெளியேற்றத்தில் இழந்தது என்று என்னால் எதையும் சுட்டிக்காட்ட முடியவில்லை. இறுக்கமாக வாங்கித் தளர்த்துவது எளிது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. டிஃபரென்ஷியலை இறக்கி ஏற்றும் கூலியும் நேரமும் சின்னது இல்லை என்பதால், அன்றாடம் ஓடும் காருக்குச் செய்கிறவரிடமே சொல்லித் தளர்ந்த அமைப்பில் வாங்குவதே சிக்கனம்.

பொருத்தும் வேலையைப் பற்றிச் சில வார்த்தைகள். எல்எஸ்டியை மாற்றும்போது, பினியன் என்ற சிறிய கியர் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் புதிய உறைக்கு மாறுகிறது. ஆகவே கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையிலான பேக்லாஷை, அதாவது பற்களின் இடைவெளியை, புதிதாக அளந்து, பக்க பேரிங்குகளின் ஷிம்மை மாற்றிச் சரிசெய்தே தீர வேண்டும். என் காரின் கையேட்டில் அந்த இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவு. அதைக் கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது, டயல் கேஜ் வேண்டும், கிரவுனைச் சுற்றிப் பல இடங்களில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு பற்களில் சாயம் தடவிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். என் வேலையைச் செய்தவர் அந்தச் சாயத் தடத்தை எனக்குக் காட்டிவிட்டுத்தான் மூடினார். பினியனை அவர் தொடவில்லை, கிரவுனின் போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டார். வண்டியைக் கையில் கொடுக்கும்போது, “தம்பி, திருப்பும்போது கடகடன்னு சத்தம் வருதுன்னு நாளைக்கே வந்து நிக்காதீங்க. அது தட்டு பேசுற சத்தம், பல்லு பேசினா ஊங்குன்னு இழுக்கும்” என்றார். இதைவிடத் தெளிவான நோய்க்குறிப்பை நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை. இறுக்கித் திருப்பும்போது மட்டும் வரும் கடகடப்பு தட்டுகள் விட்டுவிட்டு வழுக்குவதால் வருவது. நேர்ச்சாலையில் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஊளை கிரவுன் பினியன் அமைப்பு சரியில்லை என்பதன் அடையாளம், அதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

தட்டு வகைக்கு ஆயில்தான் பாதி அமைப்பு. கார் கையேட்டைவிட எல்எஸ்டி செய்தவரின் குறிப்பையே பின்பற்ற வேண்டும். என்னுடையதற்கு அவர்கள் சொன்னது உராய்வைத் திருத்தும் சேர்மானம் உள்ள 75டபிள்யூ-140 ஜிஎல்-5 கியர் ஆயில். சேர்மானம் கூடக்கூடச் சத்தம் குறையும், பூட்டும் குறையும். ஹெலிகல் வகை உராய்வை நம்பியே வாழ்வதால் அதற்கு இந்தச் சேர்மானம் தேவையில்லை. புதிய தட்டுகளைப் பழக்குவதற்கு, ஆயில் சூடேறும்வரை சாதாரணமாக ஓட்டிவிட்டு, ஆளில்லாத இடத்தில் மெதுவாக எட்டு போட்டேன், இரு பக்கமும் சமமாக. அதன்பின் சூடாக இருக்கும்போதே வடித்த முதல் ஆயில், கறுத்து, வெளிச்சத்தில் பிடித்தால் மினுமினுக்கும் உலோகத் தூளோடு வந்தது. அது எதிர்பார்க்க வேண்டியதே. காந்த வடிகுழாய் மூடியில் பசைபோல ஒட்டியிருக்கும் தூள் தட்டின் இயல்பான தேய்மானம். விரலில் எடுத்து உணரக்கூடிய சில்லுகள் இருந்தால் உள்ளே பார்த்தாக வேண்டும்.

அன்றாட வாழ்வில் மாறியது முக்கியமாக மழைதான். முன்பு உள்சக்கரம் மட்டும் சுழன்று சக்தி வீணாகும்போது, சுழலாத வெளிச்சக்கரம் வண்டியின் வாலைப் பக்கவாட்டில் பிடித்து வைத்திருந்தது. சக்தி வீணானதே ஒரு பாதுகாப்பாக இருந்தது. இப்போது ஈரத்தில் அளவு மீறி மிதித்தால் இரண்டு சக்கரங்களும் ஒன்றாகவே பிடியை விடும், வால் முன்னறிவிப்பு அதிகமின்றி வெளியே வரும். மழையில் கியரை ஒன்று கூட்டி வைத்து, ஸ்டியரிங் நேராகிக்கொண்டிருக்கும் அளவுக்கேற்ப மட்டும் மிதிக்கும் பழக்கம் எனக்கு வந்தது இதற்குப் பிறகுதான். பின் டயர்கள் இரண்டும் ஒரே அளவாகவும் ஏறக்குறைய ஒரே தேய்மானத்திலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் நேர்ச்சாலையில்கூடத் தட்டுகள் ஓயாமல் உரசித் தேயும். பின் டயர் பஞ்சரானால், சிறிய மாற்றுச் சக்கரத்தை முன்னால் போட்டு, முன்சக்கரத்தைப் பின்னால் கொண்டுவருகிறேன், அதற்கு டயர் அளவுகள் நான்கும் ஒன்றாக இருப்பது வசதி. ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு எஞ்சினை ஓட்டிக் கியர் போடவே கூடாது. தரையிலிருக்கும் சக்கரத்துக்கும் சக்தி போவதால் வண்டி ஜாக்கியிலிருந்து குதித்துப் போய்விடும்.

பழையதை வாங்குகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் சோதனை, இரு பின்சக்கரங்களையும் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து ஒன்றைக் கையால் சுற்றுவது; மற்றது அதே திசையில் சுற்றினால் எல்எஸ்டி நன்றாக இருக்கிறது, எதிர்த்திசையில் சுற்றினால் போய்விட்டது என்பார்கள். இது பிரீலோட் உள்ள தட்டு வகைக்கு மட்டுமே பொருந்தும். பிரீலோட் இல்லாத ஹெலிகல் எல்எஸ்டி, புத்தம் புதியதானாலும், எதிர்த்திசையில்தான் சுற்றும். அதை வைத்து நல்ல சாமானை ஒதுக்கிவிடக் கூடாது. தட்டு வகைக்கு இதைவிட நல்ல சோதனை, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தைத் தரையிலும் மற்றதை ஜாக்கியிலும் வைத்து, எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் விட்டு, தூக்கிய பக்கத்தை டார்க் ரெஞ்சால் திருப்பி, எந்த அளவில் அது வழுக்கத் தொடங்குகிறது என்று பார்ப்பது. செய்தவர் தரும் எண்ணோடு அதை ஒப்பிட்டால் தேய்மானம் தெரிந்துவிடும். என் காரில் ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் இதை அளந்து, மாற்றிய தேதிக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்கிறேன். தட்டுகள் பதியும் தொடக்க நாட்களில் எண் கொஞ்சம் இறங்கியது, பிறகு நிலைத்துவிட்டது. அது மறுபடியும் இறங்கத் தொடங்கும்போது தட்டுகளை மாற்ற வேண்டும்.